ஏற்றுப் பலகை வாங்குமுன்

நமது சங்கத்தின் வாடகை யந்திரங்களை வயலுக்கு ஏற்றிச் செல்லும் டிரெய்லருக்குப் புதிய ஏற்றுப் பலகைகள் வாங்குவது பற்றிய தீர்மானம், வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கப்படவிருக்கிறது. பட்டறைக்காரர்கள் ‘ராம்ப்’ என்று அழைக்கும் இந்தச் சாய்வுப் பலகைகள் யந்திரங்களோடு ஒப்பிட்டால் அற்பச் செலவே. ஆகையால் இந்தத் தீர்மானம் விவாதமின்றி நிறைவேறிவிடும் என்று சிலர் எதிர்பார்க்கக்கூடும். அவ்வாறு நிறைவேறக்கூடாது என்பதே நமது கருத்து. அங்கத்தினர்கள் இது பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும் என்ற நோக்கத்துடனேயே இதை எழுதுகிறோம்.

சென்ற சம்பாப் பருவத்தில் நடந்ததைப் பலரும் அறிவார்கள். நடவு முடிந்த ஒரு மாலை வேளையில், சங்கத்தின் பவர் டில்லரை டிரெய்லரில் ஏற்றும்போது இடப்பக்கத்துப் பலகை டிரெய்லரின் விளிம்பிலிருந்து நழுவி விழுந்தது. யந்திரம் ஒருபுறமாகச் சாய்ந்தது. அதை ஓட்டிய இளைஞர் கைப்பிடியை விட்டுத் தாவினார், உயிர் தப்பினார், ஆனால் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் அவருக்குக் கூலி இல்லை. நடவுக்குக் காத்திருந்த அங்கத்தினர் பலருக்கு யந்திரம் இல்லை. அந்தப் பலகைகள் இரண்டும் மூன்று ஆண்டுகளுக்கு முன், வந்த விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்தது எது என்பதை மட்டும் பார்த்து வாங்கப்பட்டவை. அவற்றின் நீளம் என்ன, எவ்வளவு பாரம் தாங்கும், விளிம்பில் எப்படிப் பிடிக்கும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்த வரவு செலவைப் படித்து, ‘சிக்கனமான கொள்முதல்’ என்று இதே பக்கங்களில் பாராட்டி எழுதியவர்கள் நாம். அந்தத் தவற்றில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

டிரெய்லர் எதற்கு?

யந்திரத்தைச் சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கும் அங்கத்தினர்கள் உண்டு. சேறு கலக்கும் இரும்புக் கேஜ் வீலோடு தார்ச் சாலையில் போக முடியாது; சாலையும் பாழ், யந்திரமும் பாழ். ரப்பர்ச் சக்கரம் மாட்டி ஓட்டினாலும், பவர் டில்லர் வேகமாகச் செல்லும் வாகனம் அன்று. நான்கைந்து கிராமங்களுக்குச் சேவை செய்யும் சங்கத்தின் யந்திரம் பாதி நாளைச் சாலையிலேயே கழித்துவிடும். நடவு யந்திரத்துக்கும் களையெடுக்கும் கருவிக்கும் சாலையில் வேலையே இல்லை. 2014-15ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் வாடகை மையங்களுக்கு மானியம் கிடைக்கத் தொடங்கியது முதல், சங்கங்களின் கொட்டகைகளில் யந்திரங்கள் சேர்ந்து வருகின்றன. ஆனால் கொட்டகையில் நிற்கும் யந்திரத்தால் யாருக்கும் பயனில்லை. அது வயலுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் பயணத்தில் ஆபத்து மிகுந்த பகுதி, தரைக்கும் டிரெய்லருக்கும் இடையிலுள்ள சில அடித் தூரமே.

முதலில் நீளம்

பலகை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது நீளம். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 5 அடிப் பலகையைச் சாய்த்தால் அது தரையோடு 30 பாகைக் கோணத்தில் நிற்கும். 8 அடிப் பலகையானால் 18 பாகை. 10 அடியானால் ஏறக்குறைய பதினான்கரைப் பாகை. இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 500 கிலோ எடையுள்ள யந்திரத்தை 30 பாகைச் சரிவில் நிறுத்தினால், அதைக் கீழே இழுக்கும் விசை 250 கிலோ எடைக்குச் சமம். 8 அடிப் பலகையில் அது சுமார் 156 கிலோவாகவும், 10 அடிப் பலகையில் 125 கிலோவாகவும் குறைந்துவிடுகிறது. அதாவது பலகையின் நீளத்தை இரட்டித்தால் பின்னிழுக்கும் விசை பாதியாகிறது. சக்கரம் வழுக்கினாலும், எஞ்சின் நின்றுபோனாலும், இந்தப் பாதி விசையே ஒரு மனிதனுக்கும் விபத்துக்கும் இடையில் நிற்பது.

ஜப்பானில் கைநடை யந்திரங்களுக்குத் தரப்படும் கையேடுகள், பலகையின் நீளம் தளத்தின் உயரத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. நம் வயல்களுக்கும் இது பொருந்தும். இரண்டரை அடி உயரத்துக்குப் பத்தடிப் பலகை என்பதே இதன் பொருள். சரிவு செங்குத்தாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பலகை முடிந்து தளம் தொடங்கும் மேல் முனையில், தாழ்வான வயிறுள்ள யந்திரங்கள் இடித்துக்கொள்ளும். ரோட்டவேட்டரின் கத்தியும் நடவு யந்திரத்தின் மிதவையும் அங்கேதான் அடிபடுகின்றன.

பத்தடி இரும்புப் பலகையை ஒருவர் தூக்க முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டிரெய்லரின் பின்புறத்தில் கீல் வைத்துப் பலகையை நிரந்தரமாகப் பொருத்திவிடுவது; வேண்டும்போது இறக்கி, வேண்டாதபோது நிமிர்த்திச் சங்கிலியால் கட்டிவிடலாம். மற்றொன்று, உயரத்தையே குறைப்பது. வாய்க்கால் கரை அல்லது மேட்டு நிலம் ஒன்றைப் பார்த்து டிரெய்லரின் பின்புறத்தை அதை ஒட்டி நிறுத்தினால், ஏற வேண்டிய உயரம் ஓரடியாவது குறையும். இரண்டரை அடி ஒன்றரை அடியாகிவிட்டால் ஆறடிப் பலகையே நான்கு மடங்கு நீளமாகிவிடுகிறது! சங்கக் கொட்டகையின் முன்னால், டிரெய்லரின் தளத்துக்குச் சரியான உயரத்தில் ஒரு மண்மேடை கட்டி, நீண்ட சரிவு அமைத்து, முகப்பில் மட்டும் செங்கல் வைத்துப் பூசிவிட்டால், ஒவ்வொரு பயணத்திலும் பாதி ஆபத்து தீர்ந்துவிடும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அங்கத்தினர்களின் இரண்டு நாள் உழைப்புப் போதும்.

பிறகு வலிமை

நீளம் கூடினால் வலிமையும் கூட வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சக்கரம் பலகையின் நடுவில் வரும்போதுதான் பலகை மிகுதியாக வளைகிறது. அதே பாரத்துக்கு 10 அடிப் பலகையின் நடுவில் ஏற்படும் வளைவு விசை, 5 அடிப் பலகையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகையால் இப்போதுள்ள சேனலையே நீளமாக வெட்டி வாங்கிவிட்டால் நீளம் கிடைக்கும், உறுதி கிடைக்காது. பலகையை அகலமாக்குவதைவிட அதன் கனத்தைக் கூட்டுவதே வலிமைக்கு வழி. ஒரு மரப் பலகையின் அகலத்தை இரட்டித்தால் வலிமை இரு மடங்காகிறது. கனத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. இரும்புச் சேனலும் ஆங்கிளும் உயரமாக நிறுத்தி வைக்கப்படுவதன் காரணமும் இதுவே.

பாரத்தைக் கணக்கிடுவதிலும் ஏமாறக்கூடாது. 1,000 கிலோ எடையுள்ள சிறு டிராக்டரை இரண்டு பலகைகள் தாங்குகின்றன. ஆகையால் ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கினால் போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பாரம் எப்போதும் சமமாகப் பிரிவதில்லை. டிராக்டரின் எடையில் பாதிக்குமேல் பின்சக்கரங்களில் இருக்கிறது. பின்னால் ரோட்டவேட்டர் மாட்டியிருந்தால் இன்னும் அதிகம். சரிவில் ஏறும்போது கீழ்ப்பக்கத்துச் சக்கரங்கள் மேலும் பாரத்தை ஏற்கின்றன. கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் ஏற்படும் குலுக்கலும் சேர்கிறது. தரை ஒருபுறம் தாழ்ந்திருந்தால் ஒரு பலகையே பெரும்பகுதியைச் சுமக்கிறது. பலகையில் ‘1 டன்’ என்று எழுதியிருந்தால், அது ஒரு பலகைக்கா அல்லது ஜோடிக்கா என்று கேட்டு, விற்பவரிடம் எழுத்து மூலம் பெற வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் பாதி வலிமையுள்ள பலகையை முழு விலைக்கு வாங்கியவர்கள் உண்டு.

மரமா, இரும்பா, அலுமினியமா?

பழைய மரப் பலகையை எடுத்துப் போட்டு ஏற்றும் வழக்கம் இன்றும் போகவில்லை. நல்ல மரம் வலிமையானதே. ஆனால் மரத்தின் உள்ளே இருக்கும் உளுப்பு வெளியே தெரிவதில்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்த பலகை ஒரு நாள் எச்சரிக்கையின்றி முறியும். ஈரமான மரத்தின்மேல் சேற்றுச் சக்கரம் நிற்காது. மரத்தை நாம் பரிந்துரைக்கவில்லை.

அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒருவரே தூக்கி வைக்கலாம், துருப்பிடிக்காது. ஆனால் விலை கூடுதல். அது இரும்பைவிட எளிதில் வளையக்கூடியது. கேஜ் வீலின் இரும்பு விளிம்பு ஏறினால் மேற்பரப்பு சிதையும். வெல்டிங் சூட்டில் அலுமினியம் பலம் குன்றும். உடைந்தால் நம்மூர்ப் பட்டறையில் நம்பிச் சரிசெய்ய முடியாது. இரும்போ கனமானது, துருப்பிடிக்கும், அதிலும் யூரியாவும் பொட்டாஷும் சிந்திய டிரெய்லரில் விரைவாகவே துருப்பிடிக்கும். ஆயினும் அது வளைந்தால் வளைந்தது கண்ணுக்குத் தெரியும். உள்ளூர்ப் பட்டறையில் ஒரே நாளில் சரிசெய்யலாம். வருடம் ஒரு முறை சுரண்டி வர்ணம் பூசினால் நீடித்து உழைக்கும். நடையாக நடத்திச் செல்லும் இலேசான களைக்கருவிகளுக்கு அலுமினியம் ஏற்றது. பவர் டில்லரும் சிறு டிராக்டரும் ஏற்றும் நம் சங்கத்துக்கு இரும்பே ஏற்றது என்பது நமது துணிபு.

எந்த உலோகமானாலும் மேற்பரப்பு முக்கியம். மூடிய தகட்டின்மேல் சேறு தங்கி எண்ணெய்போல் வழுக்கும். சேறு கீழே விழுந்துவிடும்படி இடைவெளி விட்டு, குறுக்கே ஆங்கிள் துண்டுகளை வெல்டிங் செய்த பலகையே நம் வயல்களுக்கு உகந்தது. இரு ஓரங்களிலும் சிறு விளிம்பு எழுப்பியிருந்தால் சக்கரம் விலகி விழாது. டிராக்டர், பவர் டில்லர், நடவு யந்திரம் ஆகியவற்றின் சக்கர இடைவெளி ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகையால் டிரெய்லரின் பின்புறத்தில் குறுக்காக ஒரு கனத்த குழாயைப் பொருத்தி, பலகைகளை அதன்மேல் நகர்த்தி வைக்கும்படி அமைப்பது நலம்.

நழுவாமல் பிடிப்பது

சென்ற சம்பாவில் நடந்த விபத்துக்குப் பலகையின் வலிமைக் குறைவு காரணம் அன்று. பலகை முறியவில்லை, நழுவியது. சக்கரம் பலகையில் ஏறும்போது, யந்திரம் தன்னை முன்னே தள்ளிக்கொள்வதற்காகப் பலகையைப் பின்னே உதைக்கிறது. விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த பலகை அந்த உதையில் விலகிவிட்டது. ஆகவே பலகையின் மேல் முனையில் வெறும் நாக்கு மட்டும் இருந்தால் போதாது. அது குழாயை வளைத்துப் பிடிக்கும் கொக்கியாக இருக்க வேண்டும். அதன் குறுக்கே ஓர் இரும்பு ஊசி செருக வேண்டும். மேலும் இரு பலகைகளையும் டிரெய்லரோடு பிணைக்கும் சங்கிலி இருக்க வேண்டும். ஊசி தவறினால் சங்கிலி தாங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரு சக்கர டிரெய்லரில் யந்திரம் ஏறும்போது, முழுப் பாரமும் முதலில் அச்சுக்குப் பின்னால் விழுகிறது. அப்போது டிரெய்லரின் வால் தாழ்ந்து, முன்பக்கம் மேலே எழும். டிராக்டரிலிருந்து கழற்றிய டிரெய்லரில் ஒருபோதும் யந்திரம் ஏற்றக்கூடாது. பின்புறத்தில் இரண்டு தாங்குகால்களை இறக்கி நிறுத்த வேண்டும். டிராக்டரின் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஏற்றிய பின் யந்திரம் அச்சுக்குச் சிறிது முன்னால் நிற்கும்படி பார்த்துக் கட்ட வேண்டும். தாங்குகால் இல்லாத டிரெய்லருக்கு எவ்வளவு நல்ல பலகை வாங்கினாலும் பயன் பாதிதான். எனவே பலகை வாங்கும் செலவோடு தாங்குகால் செலவையும் சேர்த்தே குழுவினர் அனுமதிக்க வேண்டும்.

ஓட்டுகிறவரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சமதளத்தில் பவர் டில்லரின் இடக்கைத் திருப்புப் பிடியை அழுத்தினால் யந்திரம் இடப்புறம் திரும்பும். இறக்கத்தில் அதே பிடியை அழுத்தினால் அது வலப்புறம் திரும்பும். எஞ்சினிலிருந்து விடுபட்ட சக்கரம் சரிவில் வேகமாக உருள்வதே காரணம். பலகையிலிருந்து இறங்கும்போது இதை அறியாமல் பிடியைத் தொட்டவர்கள் யந்திரத்தோடு கீழே விழுந்திருக்கிறார்கள். பலகைக்கு நேராக நிறுத்தி, குறைந்த கியரில், திருப்புப் பிடியைத் தொடாமல் ஏற்றி இறக்க வேண்டும். சிறு டிராக்டரைப் பின்னோக்கி ஏற்றி, முன்னோக்கி இறக்குவது பாதுகாப்பு. கனமான பின்பகுதி மேட்டுப்பக்கம் இருந்தால் முன்பகுதி தூக்கிப் புரளாது. பலகையின் பக்கத்திலும் பின்னாலும் வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கக்கூடாது.

கொள்முதல் முறை

குறைந்த விலைப்புள்ளியை ஏற்பது தவறு என்று நாம் கூறவில்லை. பொதுப் பணத்தைச் செலவிடுவோர் குறைந்த விலையைத்தான் தேட வேண்டும். ஆனால் எதன் குறைந்த விலை என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். ‘ஏற்றுப் பலகை ஒரு ஜோடி’ என்று மட்டும் எழுதி விலை கேட்டால், மிக மெல்லிய, மிகக் குட்டையான பலகைக்காரரே எப்போதும் வெல்வார். நேர்மையாகக் கனத்த இரும்பு போடும் பட்டறைக்காரர் தோற்றுத்தான் போவார். நீளம் இவ்வளவு, ஒரு பலகை தாங்கும் பாரம் இவ்வளவு, கொக்கியும் ஊசியும் சங்கிலியும் இவ்விதம், மேற்பரப்பு இவ்விதம் என்று எழுதி விலை கேட்டால், அதன்பின் குறைந்த விலை என்பது உண்மையாகவே சிக்கனமாகும். பணம் கொடுக்குமுன், நம்முடைய மிகக் கனமான யந்திரத்தை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையின்போது நிர்வாகக் குழுவினருடன் யந்திரம் ஓட்டுகிறவரும் இருந்து, அவர் சம்மதித்த பின்பே பட்டியலில் கையொப்பமிட வேண்டும். பலகையின்மேல் நடக்கப்போகிறவர் அவர்தாமே!

வாங்கிய பின் கவனிப்பாரற்று விடுவதும் குற்றமே. மாதம் ஒரு முறை வெல்டிங் இணைப்புகளில் கீறல் உண்டா, ஊசி தேய்ந்திருக்கிறதா, பலகை வளைந்திருக்கிறதா என்று பார்த்து, கொட்டகைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

நெசவாளர் கேட்கும் கேள்வி

‘யந்திரம் விவசாயிகளுடையது; செலவு மட்டும் எல்லோருக்குமா?’ என்று நெசவாளர் அங்கத்தினர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி இயல்பானது, மறைமுகமாகப் பேசுவதைவிட மகாசபையில் வெளிப்படையாகக் கேட்பதே நல்லது. அதே டிரெய்லர்தான் நூல் சிப்பங்களையும், பாவு உருளைகளையும், ஜக்கார்டுப் பெட்டிகளையும் ஏற்றி வருகிறது. கனமான உருளையை நான்கு பேர் தோளில் தூக்கி ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் தறியில் உட்கார முடியாமல் போன நெசவாளர்களை நாம் அறிவோம். இரு பலகைகளுக்கும் நடுவே பொருந்தும்படி மூன்றாவது பலகை ஒன்றும் வாங்கிவிட்டால், சிறு தள்ளுவண்டியில் வைத்து இரண்டு பேரே அதை ஏற்றிவிடலாம். இந்த மூன்றாவது பலகையைத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அது இல்லாத தீர்மானம் பாதிச் சங்கத்துக்கான தீர்மானமாகவே இருக்கும்.

‘இத்தனை வருடமாகச் சாதாரணப் பலகையில்தானே ஏற்றினோம், என்ன நடந்துவிட்டது?’ என்பது மற்றொரு வாதம். சென்ற சம்பாவரை இவ்வாறு கேட்டவர்களுக்கு நம்மிடம் பதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. அந்த இளைஞர் இன்று மீண்டும் வேலைக்கு வந்துவிட்டார். ஆயினும் யந்திரத்தை ஏற்றும்போது ஒருமுறை நின்று, பலகையைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார். நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் தளர்ந்த ஓர் இழையைக் கண்டால் தறியை நிறுத்தி முடிச்சிட்ட பிறகே நாடாவை எறிகிறவர்கள் அவர்கள். அந்தக் கவனத்தையே கொள்முதலிலும் காட்டும்படி கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள் இவை: பலகையின் நீளம் டிரெய்லரின் உயரத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்கட்டும், கொக்கி, ஊசி, சங்கிலி மூன்றும் இருக்கட்டும், தாங்குகால்களும் மூன்றாவது பலகையும் சேரட்டும், கொட்டகை முன் மண்மேடை அங்கத்தினர்களின் உழைப்பால் எழும்பட்டும். அத்துடன், சென்ற சம்பாவில் கூலி இழந்தவருக்கு அந்த ஆறு வாரக் கூலியைச் சங்கம் தருவதற்கும் இதே கூட்டத்தில் தீர்மானம் வரட்டும். பலகையை வாங்கியது சங்கம். அதன் விலையில் ஒரு பகுதியை அவர் ஒருவரே செலுத்திவிட்டார். அதை அவருக்குத் திருப்பித் தருவது நம் கடமை.